பழுதின் வேரைத் தேடி

நுழையும்முன்

பழுதான கருவியைக் கண்டதும் அதனைத் திறந்து பார்க்கவே கை விழைகிறது. ஆயினும், பழுதுநீக்குவோர் முதலில் எடுக்க வேண்டியது திருப்புளியை அன்று, கேள்வியை. 'எப்போது நிகழ்கிறது? எல்லாத் தகடுகளிலும் நிகழ்கிறதா?' என வினவுவோர்க்குக் கருவியே விடை கூறும். குறுந்தகட்டு இயக்கியைச் சான்றாகக் கொண்டு இம்முறையைக் கற்போம்.

இயங்கும் முறை

ஃபிலிப்ஸ், சோனி ஆகிய நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிய குறுந்தகடு, 1982ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 12 செ.மீ. விட்டமுடைய அத்தகட்டில் இசை நுண்ணிய பள்ளங்களாகப் பதிந்துள்ளது. அவை உட்புறத்திலிருந்து வெளிவிளிம்பு நோக்கிச் சுருள் தடமாகச் செல்கின்றன. தகட்டின் அடிப்பக்கத்தில் லென்சு வழியே குவியும் லேசர் ஒளி, உள்ளிருக்கும் அலுமினியப் படலத்தில் பட்டுத் திரும்புகிறது. திரும்பும் ஒளியின் ஏற்றத்தாழ்வே இசையாக மாற்றப்படுகிறது. தகடு, லென்சு, சுழற்றும் மின்னோடி, லென்சு நகரும் தண்டு, மின்சுற்று ஆகியவற்றுள் ஒன்று குன்றினாலும் இசை தடைபடும்.

தகடா, கருவியா?

பாடல் ஓரிடத்தில் தாவுகிறது எனக் கொள்வோம். உடனே வேறொரு தகட்டை இட்டுப் பார்த்தல் வேண்டும். அது சீராக ஓடினால் குற்றம் முதல் தகட்டினுடையது. அதனை மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்தல் வேண்டும், வட்டமாகத் துடைத்தலாகாது. தடத்தின் போக்கிலேயே கீறல் விழுந்தால் தொடர்ச்சியான பதிவுகள் மறைந்துவிடும். குறுக்கே விழும் சிறு கீறலையோ கருவியின் பிழைதிருத்தும் அமைப்பு பெரும்பாலும் ஈடுசெய்யும். பெயர் அச்சிட்ட மேற்பக்கத்தையும் காத்தல் வேண்டும். அலுமினியப் படலம் அதனை ஒட்டியே உள்ளதால், அங்கு விழும் ஆழ்ந்த கீறல் பதிவையே அழித்துவிடும்.

குறிகள் உணர்த்துவன

எந்தத் தகட்டை இட்டாலும் 'தகடு இல்லை' எனத் திரை காட்டினால், முதலில் லென்சில் படிந்த தூசியை ஐயுறுக. எல்லாத் தகடுகளும் இறுதிப் பாடல்களில் மட்டும் தாவினால், லென்சு நகரும் தண்டில் மசகு உலர்ந்திருக்கலாம். மின்னோடியின் ஒலி கேட்டும் தட்டு வெளிவராவிடில், உள்ளிருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கக்கூடும். திரையில் நேரம் ஓடியும் ஒலி எழாவிடில், படிக்கும் பகுதி நலமே. இணைப்புக் கம்பியையும் ஒலிபெருக்கியையும் ஆராய்க. குளிர்ந்த இடத்திலிருந்து வெப்பமான அறைக்குக் கொண்டுவந்தவுடன் கருவி இயங்காவிடில், லென்சில் ஈரம் படிந்திருக்கலாம். அது பழுதன்று; ஓரிரு மணிநேரக் காத்திருப்பே அதற்கு மருந்து.

எச்சரிக்கை

இக்கருவியின் லேசர் ஒளி ஏறத்தாழ 780 நானோமீட்டர் அலைநீளமுடையது. கண்ணுக்குப் பெரும்பாலும் புலப்படாது. புலப்படாத அவ்வொளி விழித்திரைக்குத் தீங்கு செய்ய வல்லது. ஆதலின், மின்னிணைப்பைத் துண்டிக்காமல் மூடியைத் திறத்தலாகாது. லேசரின் திறனை மாற்றும் திருகைத் தொடுதலும் கூடாது. மின்சுற்றுப் பழுதுகளைப் பயின்றவரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

கைவிடுமுன்

தளர்ந்த பெல்ட் ஒன்றிற்காகக் கருவி முழுவதும் மின்கழிவாகிவிடுகிறது. கருவி நீங்கினால், வீட்டுத் திருமணத்தில் பாட்டி பாடிய நலங்குப் பாடலைத் தாங்கிய தகடும் ஊமையாகிவிடும். வெளியிலிருந்து உள்நோக்கிச் செல்லுதல், ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல், காரணம் தெளிந்தபின் கைவைத்தல் ஆகிய மூன்றும் கருவிகளுக்கு மட்டும் உரியன அல்ல. எச்சிக்கலையும் ஆராய்வார்க்கு உரிய நெறிகளாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் பழுதான கருவி ஒன்றின் குறிகளைப் பட்டியலிட்டு, அதனைத் திறக்காமலேயே காரணத்தை ஊகித்து எழுதுக.
2. 'பழுதுநீக்கமும் சூழல் காப்பே' என்னும் பொருளில் வகுப்பறையில் உரையாடுக.