போட்டோ எடிட்டிங் படிக்கப் போகிறீர்களா?



"டிப்ளமோ முடிச்சுட்டு போட்டோ எடிட்டிங் கத்துக்கலாம்னு இருக்கேன், எந்தக் கோர்ஸ்ல சேரலாம்?" என்று ஜூனியர்கள் பலர் கேட்கிறார்கள். நாகலாபுரத்திலிருந்து பஸ் ஏறி வருகிற நமக்கு, கோர்ஸ் கட்டணம் என்பது வீட்டில் பருத்தி போட்ட காசு. கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

இத்தொழில் கம்ப்யூட்டரோடு வந்ததல்ல. அந்தக்கால ஸ்டூடியோக்களில் 'டச்சிங்' என்ற வேலை உண்டு. ஊசிபோல் சீவிய பென்சிலால் நெகட்டிவின் மருந்துப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். நெகட்டிவில் கருமை ஏறினால் பிரிண்டில் வெளுப்பு ஏறும். முகத்துச் சுருக்கம் மறையும். கத்தியால் சுரண்டினால் நேர் எதிர். இருட்டறையில் பிரிண்ட் போடும்போது ஓரிடத்தில் ஒளியை மறைத்தால் அங்கே வெளுக்கும், கூடுதல் நேரம் காட்டினால் கறுக்கும். போட்டோஷாப்பில் 'டாட்ஜ்', 'பர்ன்' என்று இருப்பவை இவைதான்.

நம் கோவில்பட்டியிலேயே ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976) தேவி ஆர்ட் ஸ்டூடியோ நடத்தினார். டி.எஸ். சுப்பையா போன்ற சீடர்கள் அவரிடம்தான் கை பழகினார்கள். அவர்கள் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டராகி நாடெங்கும் போயின. சர்டிபிகேட்டா கேட்டார்கள்? கண்ணும் கையும் பேசின.

போட்டோஷாப், தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் உருவாக்கி, 1990இல் அடோபி கம்பெனி வெளியிட்டது. அதற்குக் காசு இல்லையா? 1996இல் வெளியான 'ஜிம்ப்' இலவசம். அமெரிக்காவின் பெர்க்லியில் படித்த இரண்டு மாணவர்கள் எழுதியது, நம்மைப் போல!

முதலில் கணக்கைப் படியுங்கள். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 6க்கு 4 அங்குலப் படம் என்றால் 1800க்கு 1200. செல்போனில் வந்த 600 பிக்சல் அகலப் படத்தை 12 அங்குலத்துக்குப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 50தான். கல்யாண பேனரில் மாப்பிள்ளை முகம் கட்டங்கட்டமாகத் தெரியும். அடுத்தது கலர். திரை சிவப்பு, பச்சை, நீல ஒளி. அச்சு நாலு மை. திரையில் பளிச்சிடும் நீலம் தாளில் மங்கும். இதைச் சொல்லித்தராத சென்டரில் சேராதீர்கள். முறையாகப் படிக்க விரும்பினால் சென்னை தரமணியில் அச்சுத் தொழில்நுட்பத்துக்கென்றே அரசு பயிலகம் இருக்கிறது.

இன்று பின்னணியை நீக்க ஒரு கிளிக் போதும்; ஏ.ஐ. செய்துவிடும். அதை மட்டும் தெரிந்தவனுக்கு வேலை நிற்காது. எதை மாற்றக்கூடாது என்று தெரிந்தவன் தேவைப்படுவான். கரிசல் வெயிலில் கறுத்த முகத்தை ஒரே இழுப்பில் வெள்ளைக்காரனாக்குகிறார்களே, எனக்குப் பிடிக்காத வேலை அது. நம் பக்கம் இறந்துபோனவரின் ரேஷன் கார்டு போட்டோவைக் கொண்டுவந்து, "பெருசு பண்ணிக் குடுங்க தம்பி" என்பார்கள். பல வீடுகளில் அந்த ஒரு படம்தான் மிச்சம். ஏ.ஐ.யிடம் கொடுத்தால் தெளிவான முகம் வரும், ஆனால் அவர் முகமாக இருக்காது.

பயிற்சிக்கு வீட்டுப் பழைய படம் ஒன்றை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து, அசலைத் தனியே வைத்துவிட்டு, நகலில் கீறலை மட்டும் நீக்குங்கள். பாட்டியிடம் காட்டுங்கள். "இது யாருய்யா?" என்று கேட்டால், அசலிலிருந்து திரும்ப ஆரம்பியுங்கள்.