சுண்டைக்காய் அளவு ஜெட்

மும்பையில் ஓர் அடுக்குமாடி வீடு. மாமியாரும் மருமகளும் சமையலறையில் நின்றார்கள். சுவரில் புதிதாக மஞ்சள் குழாய் வந்திருந்தது. இனி சிலிண்டர் வேண்டாம். குழாய் வழியாகவே வாயு வரும்.

"அடுப்பைக் குழாயில் மாட்டிவிட்டால் போதாதா?" என்று மாமியார் கேட்டார்.

"போதாதும்மா. இது வேறு வாயு. ஜெட்டை மாற்ற வேண்டும்" என்றார் வேலைக்கு வந்த ஃபிட்டர்.

சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற வாயுக்களின் கலவை. குழாயில் வருவது இயற்கை வாயு. அதில் பெரும்பகுதி மீத்தேன். இரண்டையும் ஒரே அளவு எடுத்து எரித்தால், சிலிண்டர் வாயு ஏறக்குறைய இரண்டரை மடங்கு சூடு தரும். குழாய் வாயுவின் அழுத்தமும் குறைவு. அதே சூடு வேண்டுமென்றால் குழாய் வாயு கூடுதலாக வெளியே வர வேண்டும். அதற்குப் பெரிய துளை வேண்டும்.

அந்தத் துளை ஜெட்டில் இருக்கிறது. ஜெட் என்பது பித்தளைத் துண்டு. சுண்டைக்காய் அளவுதான். பர்னருக்கு ஒன்று உண்டு. ஃபிட்டர் பழைய ஜெட்டுகள் இரண்டையும் கழற்றினார். பெரிய துளை உள்ள ஜெட்டுகளைப் பொருத்தினார். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினார். குமிழி வரவில்லை. அடுப்பைப் பற்ற வைத்தார். தீ நீலமாக எரிந்தது.

"பழைய ஜெட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்" என்று சொல்லி மருமகளிடம் கொடுத்தார். சில இடங்களில் பழைய ஜெட்டின் துளையையே குடைந்து பெரிதாக்கிவிடுகிறார்கள். பெரிதான துளையை மறுபடி சிறிதாக்க முடியாது.

மாமியார் அப்போதுதான் எழுதப் பழகியவர். ஜெட்டுகளைக் காகிதத்தில் மடித்தார். 'சிலிண்டர் ஜெட்' என்று கோணல்மாணலாக எழுதி, அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் வைத்தார். பிறகு மறந்துபோனார்.

ஓர் ஆண்டு கழிந்தது. வீட்டுக்குப் புது அடுப்பு வந்தது. பழையதை மாமியாரின் தம்பி ஊருக்கு எடுத்துப் போனார். அவர் ஊர் நாசிக் பக்கத்துக் கிராமம். அங்கே சிலிண்டர்தான்.

தம்பி மனைவி அடுப்பைப் பற்ற வைத்தாள். தீ பாத்திரத்தைச் சுற்றி மேலே எழும்பியது. நீலம் இல்லை, மஞ்சள். பயந்துபோய் ரெகுலேட்டரை மூடினாள். நல்ல வேலை செய்தாள். அதற்குள் பாத்திரத்தின் அடியெல்லாம் கரி.

பெரிய துளை வழியாகச் சூடு மிகுந்த வாயு அளவுக்கு மேல் வந்துவிட்டது. அது முழுதாக எரியக் காற்று போதவில்லை. அதனால்தான் மஞ்சள் தீ, அதனால்தான் கரி. கரி மட்டுமா? கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் உண்டாகும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. மூடிய அறையில் ஆளையே கொன்றுவிடும்.

தம்பி போன் செய்தார். "அக்கா, அடுப்பு கெட்டுப்போச்சு."

"கெடலைப்பா. ஜெட்டைக் கொடுக்க மறந்துட்டேன். அடுப்பைத் தொடாதே. சிலிண்டரை மூடியே வை."

மருமகள் அஞ்சறைப் பெட்டியை நகர்த்தினாள். பொட்டலம் இருந்தது. கோணல் எழுத்தும் அழியவில்லை. மறுநாள் ஊருக்குப் போனவரிடம் கொடுத்து அனுப்பினார்கள். தம்பி தானே மாட்டப் பார்த்தார். மனைவி விடவில்லை. கேஸ் ஏஜென்சி மெக்கானிக் வந்து மாட்டினார். தீ நீலமாக வந்தது.

பாத்திரத்தின் கரியைத் தேய்க்கத்தான் இரண்டு நாள் ஆயிற்று.