டியூபை வாயில் வைக்காதீங்க!
(பழைய டேங்கிலிருந்து பெட்ரோல் இறக்குவது பற்றி ஒரு பாடம்)

 

உங்களிடம் ஒரு கேள்வி. ரொம்ப நாளாக ஓடாமல் நிற்கும் வண்டியின் டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. அதை எப்படி வெளியே எடுப்பீர்கள்?

எங்கள் வகுப்பில் இதைக் கேட்டேன். முக்கால்வாசிப் பேர் சொன்ன பதில், "டியூபை உள்ளே விட்டு வாயால ஒரு இழு இழுத்தா தானா வந்திடும்." இந்தப் பதில் எவ்வளவு ஆபத்தானது, சரியான வழி எது என்பதுதான் இந்தக் கட்டுரை.

டிராக்டரில் பெட்ரோலா?

நம்ம ஊர் டிராக்டர் எல்லாம் டீசலில்தான் ஓடுது. ஆனால் இங்கிலாந்தில் கோவென்ட்ரி என்ற ஊரில் 1946 முதல் 1956 வரை ஃபெர்குசன் டி.இ.20 என்ற சின்ன டிராக்டரைச் செய்தார்கள். சாம்பல் நிறத்தில் இருக்கும். அதில் பெட்ரோல் வகைதான் முதலில் வந்தது. டீசல் வகை 1951-ல்தான் வந்தது. அந்தப் பழைய டிராக்டரைப் பழுது பார்த்து இன்றும் வைத்திருப்பவர்கள் அங்கே உண்டு. அவர்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை இறக்குவது.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மொபெட், முதுகில் மாட்டி மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், களை எடுக்கும் மெஷின், சின்ன பம்ப் என்ஜின் எல்லாம் பெட்ரோலில் ஓடுபவைதானே. ஒரு பருவம் முடிந்ததும் கொட்டகையில் போட்டுவிடுவோம். அடுத்த பருவத்தில் எடுத்தால் ஸ்டார்ட் ஆகாது.

ஏன் இறக்க வேண்டும்?

பெட்ரோல் பல பொருட்கள் கலந்த திரவம். வைத்திருந்தால் அதில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். மீதி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பிசின் மாதிரி ஆகும். அந்தப் பிசின் கார்ப்பரேட்டரின் சின்ன ஓட்டையை அடைத்துக்கொள்ளும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகமானால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். அதனால் துருவும் பிடிக்கும்.

வாயால் உறிஞ்சினால் என்ன ஆகும்?

டியூபில் திரவம் மேலே ஏறி, பிறகு கீழே இறங்குவதற்கு வடிகுழாய் முறை என்று பெயர். டியூபின் வெளி முனை, டேங்கில் உள்ள திரவ மட்டத்தைவிடத் தாழ்வாக இருந்தால் திரவம் தானாக ஓடும். ஆனால் முதலில் டியூப் நிரம்ப வேண்டும். அதற்குத்தான் வாயை வைக்கிறார்கள்.

உறிஞ்சும்போது முதலில் வருவது ஆவி. அது நேராக நுரையீரலுக்குப் போகும். தலை சுற்றும். அடுத்து திரவம் வரும். எப்போது வரும் என்று தெரியாது. திடீரென்று வாயில் நிறைந்ததும் புரை ஏறும். அப்போதுதான் பெரிய ஆபத்து. பெட்ரோலும் டீசலும் மண்ணெண்ணெயும் வயிற்றுக்குள் போவதைவிட மூச்சுக்குழாய்க்குள் போவதுதான் அதிகக் கெடுதல். கொஞ்சம் போனாலும் நுரையீரலில் பரவி அதன் உட்புறத்தைப் புண்ணாக்கிவிடும். மூச்சுத் திணறல் உடனே வராமல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

எங்கள் தெருவில் பவர் டில்லர் ஓட்டும் ஒரு அண்ணன் டீசலை இப்படி உறிஞ்சினார். வாயைக் கொப்பளித்துவிட்டு வேலையைப் பார்த்தார். இராத்திரி இருமல் நிற்கவில்லை, காய்ச்சலும் வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். "டீசல்தானே, பெட்ரோல் இல்லையே" என்று நினைத்தாராம்.

யாராவது விழுங்கிவிட்டால்:
* வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. வாந்தி வரும்போது எண்ணெய் நுரையீரலுக்குள் போகும்.
* எண்ணெய் பட்ட துணியை மாற்றி, தோலைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.
* நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108-க்குப் போன் செய்யலாம். எந்த எண்ணெய் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஆவி

பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரில்கூடத் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். அப்படியானால் நம்ம ஊர் வெயிலில் எவ்வளவு விடும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அதனால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து போகும். திண்ணையில் பெட்ரோல் இறக்கினால் ஆவி அடுப்படிக்குப் போய், அங்கிருந்து தீயைக் கூட்டி வரும்.

சரியான முறை

இது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. நாம் அருகில் நின்று விளையாடக் கூடாது. ஆனால் முறையைத் தெரிந்து வைத்துக்கொண்டு சொல்லலாம்.

1. என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். வண்டியைக் கொட்டகையிலிருந்து வெட்டவெளிக்குத் தள்ளி வர வேண்டும். பக்கத்தில் அடுப்பு, பீடி, சிகரெட், மோட்டார் எதுவும் இருக்கக் கூடாது.

2. பேட்டரி இருந்தால், டேங்கைத் தொடுவதற்கு முன்பே அதன் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட வேண்டும். பிறகு கழற்றினால் அந்தப் பொறியே போதும்.

3. ஒரு வாளி மணலை அருகில் வைக்க வேண்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பெட்ரோல் தண்ணீரைவிட இலேசானது. மிதந்துகொண்டே எரிந்து நாலா பக்கமும் ஓடும்.

4. டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத் தீக்குச்சியோ விளக்கோ காட்டக் கூடாது. காய்ந்த குச்சியை விட்டுப் பார்த்தால் போதும்.

5. ஃபெர்குசன் டிராக்டரில் டேங்க் என்ஜினுக்கு மேலே இருக்கிறது. அடியில் ஒரு காக்கும், அழுக்கு தங்கும் கண்ணாடிக் கிண்ணமும் உண்டு. மொபெட்டிலும் பம்ப் என்ஜினிலும் பெட்ரோல் காக் அடியில்தான். காக்கை மூடிவிட்டு, கார்ப்பரேட்டருக்குப் போகும் டியூபைக் கழற்றி, அதன் முனையைக் கேனில் விட்டு, காக்கைத் திறந்தால் போதும். புவியீர்ப்பு விசையே வேலையைச் செய்துவிடும். வாய்க்கு வேலையே இல்லை!

6. வரவில்லை என்றால் டேங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் சரியாக வராது, காற்று போக இன்னொரு ஓட்டை போடுகிறோம் அல்லவா? அதே காற்றழுத்தப் பாடம்தான்.

7. பெட்ரோலுக்கென்று உள்ள உலோகக் கேனில் பிடிக்க வேண்டும். கேன் தரையில் இருக்க வேண்டும். டியூப் முனை கேனின் அடியைத் தொட வேண்டும். உயரத்திலிருந்து தெறித்து விழுந்தால் நிலை மின்னூட்டம் உண்டாகும். தலை சீவிய சீப்பு காகிதத் துண்டுகளை இழுக்கிறதே, அதே மின்னூட்டம்தான். டேங்கையும் கேனையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால் இரண்டுக்கும் நடுவில் பொறி வராது. பிளாஸ்டிக் வாளி வேண்டவே வேண்டாம்.

8. கேனை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. வெயிலில் பெட்ரோல் விரிவடையும். தண்ணீர் பாட்டிலிலும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலும் ஊற்றி வைக்கவே கூடாது. தாகத்தில் சின்னப் பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

9. காக் இல்லாத டேங்க் என்றால், ரப்பர் பல்பு வைத்த கைப்பம்பு டியூப் கடையில் கிடைக்கும். கையால் நாலு தடவை அமுக்கினால் ஓட ஆரம்பித்துவிடும்.

காலி டேங்க் நல்லதா?

பெட்ரோல் இருக்கும் டேங்கைவிடக் காலி டேங்க் பாதுகாப்பானது என்றுதான் நினைப்போம். அது தவறு. காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவையில், நூற்றுக்கு சுமார் 1.4 பங்கு முதல் 7.6 பங்கு வரை ஆவி இருந்தால்தான் தீப்பிடிக்கும். நிறைந்த டேங்கில் ஆவி அதைவிட அதிகம், காற்று குறைவு. காலி டேங்கில்தான் அளவு சரியாகப் பொருந்திவிடும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 10 லிட்டர் டேங்க் என்றால் 10,000 மில்லி. அதில் 1.4 சதவீதம் 140 மில்லி ஆவி. ஒரு மில்லி பெட்ரோல் ஆவியானால் ஏறக்குறைய 150 முதல் 200 மில்லி ஆவி கிடைக்கும். ஆக, காலி டேங்கின் மூலையில் ஒரு மில்லி பெட்ரோல் ஒட்டியிருந்தாலே போதும், ஆபத்து தயார்! அதனால் டேங்கில் ஓட்டை விழுந்திருந்தால், காலி செய்த கையோடு வெல்டிங் வைக்கக் கூடாது. முறையாகக் கழுவி ஆவியை முழுவதும் நீக்கத் தெரிந்த பட்டறையில்தான் கொடுக்க வேண்டும்.

இறக்கிய பழைய பெட்ரோலைச் சாக்கடையிலோ கிணற்றோரத்திலோ ஊற்றக் கூடாது. மண்ணுக்குள் இறங்கிக் குடிதண்ணீரைக் கெடுக்கும். குப்பையை எரிக்கவும் ஊற்றக் கூடாது. மூடிய கேனில் வைத்து மெக்கானிக் பட்டறையில் கொடுத்துவிடலாம்.

செய்து பாருங்கள் (தண்ணீரில் மட்டும்!)

ஒரு வாளித் தண்ணீரை மேசை மேல் வையுங்கள். காலி வாளியைக் கீழே வையுங்கள். டியூபை முழுவதும் தண்ணீரில் அமுக்கி நிரப்புங்கள். ஒரு முனையைக் கட்டை விரலால் அடைத்து வெளியே எடுத்துக் கீழ் வாளியில் விட்டு, விரலை எடுங்கள். தண்ணீர் ஓடும். பிறகு கீழ் வாளியை மேசைக்கு மேலே தூக்கிப் பாருங்கள். என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று அறிவியல் நோட்டில் எழுதி வாருங்கள்.

தோழர்களே, தோழிகளே! "தம்பி, இந்த டியூபைக் கொஞ்சம் வாயால இழுத்து விடு" என்று பெரியவர்கள் பாசமாகத்தான் கூப்பிடுவார்கள். அதன் ஆபத்து அவர்களுக்கே தெரியாது. அப்போது பயப்படாமல், மரியாதையாகச் சொல்லுங்கள்: "சித்தப்பா, வாயால வேண்டாம். அடியில காக் இருக்கு பாருங்க, அதைத் திறங்க."

இன்றைக்கே வீட்டில் போய்ச் சொல்லுங்கள்.

 

ஒன்பதாம் வகுப்பு மாணவி