திருப்பூரில் இருந்தபடி இரட்டை நட்சத்திரம் தேடுதல்

அவிநாசி சாலையின் இருமருங்கிலும் பனியன் கம்பெனி விளக்குகள் விடியும்வரை எரிகிற ஊரில், மொட்டைமாடித் தொலைநோக்கியால் மங்கலான நட்சத்திரங்களைக் கண்டுவிடலாம் என்று நம்புவது வீண் ஆசை. ஆயினும், 2013-இல் ஏவப்பெற்று 2025-இல் ஓய்வுபெற்ற கையா விண்கலம் ஏறக்குறைய 180 கோடி நட்சத்திரங்களை அளந்து, அவ்வளவைகள் எவருக்கும் இலவசமாகக் கிடைப்பதால், பகலில் ஏற்றுமதிக் கணக்கும் இரவில் ஆகாயக் கணக்குமாக இங்கிருந்தே தேடுவது எனக்குச் சாத்தியமாயிற்று.

1689-இல் ரிஷோ பாதிரியார் புதுச்சேரியிலிருந்து, ஆல்ஃபா சென்டாரி ஒன்றல்ல, இரண்டு என்று கண்டது கண்ணின் வெற்றி. ஆனால் சூரியனையொத்த இரு நட்சத்திரங்கள், பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள தூரத்தைப்போல் 1,000 மடங்கு விலகி நின்றால், ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 22,000 ஆண்டுகள் செல்லும்; அதைப் பார்த்து நிச்சயிக்க எவருக்கு ஆயுள் உண்டு? நிகழ்தகவே இங்கே சாட்சி. கார்த்திகைக் கூட்டத்தைப்போல் நட்சத்திரங்கள் தற்செயலாக நெருங்கியிருப்பது எவ்வளவு அபூர்வம் என்று கணக்கிட்டு, 1767-இலேயே இந்த மார்க்கத்தைக் காட்டியவர் ஜான் மிச்சல்.

ஜோடி தேடுபவர் முதலில் பார்க்கவேண்டியவை இரண்டு: இரண்டின் தூரமும் அளவைப் பிழைக்குள் ஒத்திருக்கிறதா, வானில் அவை நகரும் வேகங்களின் வித்தியாசம், ஈர்ப்பினால் கட்டுண்ட ஜோடிக்கு இயலும் அளவுக்குள் அடங்குகிறதா. இவ்விரண்டிலும் தேறியதுமே ஜோடி என்று எழுதிவிடலாகாது. சாயப்பட்டறையிலிருந்து வந்த இரு ரோல்கள் ஒரு விளக்கின்கீழ் ஒரே ஷேடாகத் தோன்றினும், லாட் எண்ணைப் பாராமல் கட்டிங்குக்கு அனுப்புவார் இவ்வூரில் உண்டா?

இந்த லாட் சோதனைக்கு நிகரான உபாயம், நான் கற்றவற்றுள் மிக அழகானது. பட்டியலின் பிரதி ஒன்றெடுத்து, தூரத்தையும் வேகத்தையும் தொடாமல், எல்லா நட்சத்திரங்களின் இடத்தையும் அரை பாகை நகர்த்தி, நகர்த்திய நட்சத்திரங்களுக்கு மூலப் பட்டியலில் துணை தேடினால், அகப்படுகிற ஜோடிகள் யாவும் பொய் என்பதில் சந்தேகமில்லை. அவற்றின் தொகையை மெய்த் தேடலின் தொகையோடு ஒப்பிட்டால், எவ்வளவு விலகிய ஜோடிகளை எவ்வளவு நம்பலாம் என்பது விளங்கும். நெருங்கியவற்றில் பொய் சொற்பம். விலக விலகப் பெருகும். கரீம் எல்-பத்ரியும் அவரோடு உழைத்தவர்களும் 2021-இல் இவ்வகையில் சலித்தே, 90 சதவீதத்துக்கு மேல் நம்பத்தக்க சுமார் 13 லட்சம் ஜோடிகளை வெளியிட்டார்கள்.

நட்சத்திரக் கூட்டங்களை மட்டும் ஆரம்பத்திலேயே விலக்கிவிட வேண்டும். அங்கே யாவும் ஒரே தூரத்தில் ஒரே திசையில் செல்வதால், எந்த இரண்டையும் எடுத்தாலும் ஜோடிபோலவே நடிக்கும். மிச்சலுக்கு ஆதாரமாயிருந்த கார்த்திகையே எனக்கு முதல் இடையூறு என்பது வேடிக்கைதான்.

கடைசியாக ஒன்று. கையா தரும் 'ரூவே' என்னும் குறியெண் 1.4-ஐத் தாண்டினால் அளவை சரியாகப் பொருந்தவில்லை என்று கொண்டு, அத்தகைய நட்சத்திரங்களைப் பலர் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. கண்ணுக்குத் தெரியாத துணையொன்று நட்சத்திரத்தை அசைப்பதாலும் அவ்வெண் உயரக்கூடும். ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் அது உயர்ந்திருந்தால், அங்கே இருப்பவை மூன்றாகவும் இருக்கலாம். ஆதலால் அவற்றைத் தனிப் பட்டியலாக வைத்துக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் முதலில் அதைத்தான் பிரிக்கிறேன்.