காது கேளாத ராஜபாளையம்

எங்கள் தெருவில் வெள்ளை ராஜபாளையம் நாய் ஒன்றை யாரோ விட்டுப் போய்விட்டார்கள். கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எந்தப் பிராணியையும் மறுக்காத காப்பகம் எதிலாவது சேர்த்துவிடலாமா?
– வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்

அது திமிர் இல்லை அம்மா, காது கேட்காமல் இருக்கலாம். வெள்ளை ராஜபாளையம் குட்டிகள் சில பிறவியிலேயே செவிடாக இருக்கும். அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். அசையவில்லையென்றால் கைச்சாடை பழக்குங்கள், சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

கேப்டன் சுந்தரம் 1959-இல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற காப்பகங்கள் அடிபட்டது, நோயுற்றது, கைவிடப்பட்டது என எல்லாவற்றுக்கும் அடைக்கலம் தருகின்றன. யாரையும் திருப்பி அனுப்பாத வீட்டில் இடம் எப்போதும் நெருக்கடிதான். தெருவே பார்த்துக்கொள்ளும் ஒவ்வொரு நாயும், லாரியில் அடிபட்டு வரும் இன்னொன்றுக்கு அங்கே இடம் தருகிறது.

முதலில் அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டி, வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். கருத்தடையும் கேளுங்கள். பிறகு தெரிந்தவர்களிடம் சொல்லி வீடு தேடுங்கள். வண்டிச் சத்தம் கேட்காது என்பதால் வாரில்லாமல் ரோட்டில் விடாதீர்கள்.

பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதோடு, ராஜபாளையம் 2005-இல் தபால்தலையில் இடம்பிடித்த இனம். உங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை, கைவிட்டுவிடாதீர்கள்.