245-க்கும் 600-க்கும் நடுவில்

அரசு பொருள் வாங்கும் முறை பற்றி வகுப்பில் படித்தபோது எனக்கு எங்க ஆயா ஞாபகம்தான் வந்தது.

ஆயா கிரிவலப் பாதையில் கற்பூரம் விற்பவர். 2020-இல் கொரோனாவால் கிரிவலம் நின்றதும் நாள் முழுக்க டி.வி. நியூஸ்தான். அதில்தான் 'ரேபிட் கிட்' விஷயம் வந்தது. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கும் சீனக் கருவி அது. இங்கே வந்து இறங்க ஆன செலவு 245 ரூபாய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு விலை 600. ஆர்டர் 5 லட்சம் கருவி, அதாவது 30 கோடி ரூபாய்! நம் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகமும் அதே 600-க்குத்தான் ஆர்டர் கொடுத்தது. சத்தீஸ்கர் அரசோ வேறொரு கொரியக் கம்பெனி கருவியை வரி நீங்கலாக 337-க்கு வாங்கியது.

இந்த 245 எப்படி வெளியே வந்தது தெரியுமா? இறக்குமதி செய்தவருக்கும் விற்றவருக்கும் தகராறு வந்து டில்லி உயர் நீதிமன்றம் போனார்கள். அவர்கள் சண்டை போடாவிட்டால் நமக்குத் தெரிந்தே இருக்காது! 400-க்கு மேல் விற்கக்கூடாது என்றது நீதிமன்றம். அதற்குள் ராஜஸ்தானில் கருவி தப்புத்தப்பாகக் காட்ட, ஏப்ரல் 27-இல் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்கள். முன்பணம் தரவில்லை, அதனால் ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை என்றது மத்திய அரசு.

டெண்டரில் ஒளிவுமறைவு கூடாது என்று தமிழ்நாட்டில் 1998-இலேயே சட்டம் உண்டு. ஆனால் பேரிடர், அவசரம் என்றால் அதில் விலக்கும் உண்டு. அவசரத்துக்கு டெண்டர் வேண்டாம், சரி. விலையை உடனே சொல்லலாமே?

பணம் நஷ்டமில்லை. எங்க வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். சில மாதம் கழித்து ஆயாவுக்குக் காய்ச்சல். தெருவில் முகாம் போட்டு மூக்கில் குச்சி விட்டு டெஸ்ட் எடுத்தார்கள். அது வேறு சோதனை, ஆர்.டி.பி.சி.ஆர்., நம்பகமானது. ஆயாவுக்கு எல்லாம் ஒண்ணுதான். "எரநூத்து நாப்பத்தஞ்சு ரூபா சாமான அறநூறுக்கு வாங்குனவங்கதானே! எனக்கு வேணாம்" என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். நான்காம் நாள் தாத்தாவுக்கு மூச்சு வாங்கியது. பதினோரு நாள் ஆஸ்பத்திரி.

இருவரும் பிழைத்தார்கள். இப்போது ஆயாவுக்குப் பி.பி. மாத்திரை அரசு மருத்துவமனையில்தான். 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்கிறார்: "இத எவ்ளோக்குடா வாங்கியிருப்பாங்க?"