டிக்கெட் காசு எங்கே போகிறது?



இந்த மாதச் சுவர் இதழுக்காக சமூக அறிவியல் டீச்சர் எனக்குக் கொடுத்த தலைப்பு "சுற்றுலாவும் இயற்கை வளப் பாதுகாப்பும்". ரொம்ப சுலபம், "மரம் வளர்ப்போம்" என்று எழுதி முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டில் போய்ச் சொன்னேன். எங்க அப்பத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "காட்டைக் காப்பாத்தணும்னு எழுதப் போறியா? எழுது, எழுது. அப்படியே நம்ம வீட்டு அடுப்பு எதை வச்சு எரிஞ்சுச்சுன்னும் எழுது" என்றார்.

அப்பத்தா இளவயதில் மலையடிவாரத்துக்குப் போய் விறகு வெட்டி, தலைச்சுமையாகக் கொண்டுவந்து ஊரில் விற்பாராம். அந்தக் காசில்தான் எங்க அப்பாவும் அத்தைமாரும் வளர்ந்தார்கள். ஒரு தடவை பிடிபட்டு அரிவாளும் போயிற்று, அபராதமும் கட்டினார். "மரத்தை வெட்டுறது தப்புன்னு எனக்கும் தெரியும் புள்ள. ஆனா பிள்ளைங்க பசின்னு அழுறப்ப என்ன செய்யச் சொல்ற?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்தேன். நமக்குப் பக்கத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. அதுதான் தேக்கடி.

நமக்கும் தேக்கடிக்கும் என்ன சம்பந்தம்?

கம்பத்திலிருந்து மலை ஏறினால் குமுளி. அதை ஒட்டித் தேக்கடி. அது கேரளாவில் இருக்கிறது. ஆனால் நம்ம வயலுக்கு வரும் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. 1895-ல் பென்னிகுக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் உண்டானதுதான் தேக்கடி ஏரி. அந்தத் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து, நம்ம தேனி மாவட்டத்துக்கும் மதுரைப் பக்கத்துக்கும் பாய்கிறது.

ஏரியைச் சுற்றி இருப்பது பெரியார் புலிகள் காப்பகம். 1978-ல் புலிகள் காப்பகம் ஆனது. இப்போது அதன் பரப்பு 925 சதுர கிலோமீட்டர். அங்கே மரங்கள் இருப்பதால்தான் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஓடை வழியாக ஏரிக்கு வருகிறது. மரம் போனால் மழைநீர் மண்ணையும் அரித்துக்கொண்டு ஏரிக்குள் வந்துவிடும். ஆகவே அந்தக் காடு யானைக்கும் புலிக்கும் மட்டும் இல்லை, நம்ம நெல்லுக்கும் சேர்த்துத்தான்.

பட்டை உரித்தவர்கள் வழிகாட்டி ஆனார்கள்

முன்பு குமுளிப் பக்கம் சிலர் காட்டுக்குள் திருட்டுத்தனமாகப் போய், வயணா என்ற மரத்தின் பட்டையை உரித்து விற்றார்கள். அது இலவங்கப்பட்டை மாதிரி வாசனை உள்ளது. பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகும். அவர்கள் மேல் வழக்குகள் இருந்தன. பிடித்தாலும் திரும்பப் போனார்கள். ஏனென்றால் பிழைப்பு அதுதான்.

1996-ல் இந்தியாவில் 7 காடுகளில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று தொடங்கியது. அதில் பெரியாறும் ஒன்று. "காட்டோரத்து மக்களை விரட்டிக் காட்டைக் காப்பாற்ற முடியாது, அவர்களுக்கு வேறு வருமானம் வேண்டும்" என்பதுதான் அதன் எண்ணம். 1990-களின் கடைசியில் அந்தப் பட்டை உரித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டவர்கள் பழைய தொழிலை விட்டுவிட்டு, வனத்துறையோடு சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். யானைத் தடம் எது, புலி நடமாடும் இடம் எது என்று அவர்களுக்குத் தெரியாததா? சுற்றுலாப் பயணிகளைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப் போகும் வழிகாட்டிகள் ஆனார்கள். அப்படி நடக்கும்போதே காவலும் ஆகிவிடுகிறது. மரம் வெட்டுகிறவன் வந்தால் இவர்கள் கண்ணுக்குத் தப்ப முடியாது!

அங்கே உள்ள மன்னான், பளியர் பழங்குடி மக்களும் குழு அமைத்து வழிகாட்டிகளாக இருக்கிறார்கள்.

உங்களுக்குத் தெரியுமா? குமுளிப் பக்கத்துப் பெண்கள் 2002-லிருந்து "வசந்த சேனை" என்ற பெயரில் குழுவாகக் காட்டுக்குள் ரோந்து போகிறார்கள். இதற்கு அவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. நம்ம அம்மாமார்களைப் போன்றவர்கள்தான் அவர்கள்!

காசு எப்படிச் சேருகிறது?

வெளியிலிருந்து வந்த திட்டப் பணம் 2004-ல் முடிந்துவிட்டது. பணம் நின்றால் குழுக்களும் நின்றுவிடுமே? அதற்காக அதே ஆண்டு பெரியார் அறக்கட்டளை அமைக்கப்பட்டது. வரும் பயணிகள் நுழைவுக் கட்டணத்தோடு ஒரு சிறு கூடுதல் கட்டணம் தருகிறார்கள். அது இந்த அறக்கட்டளைக்கு வந்து, காட்டுக்கும் காட்டோர மக்களுக்கும் செலவாகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். (இது புரிவதற்காக நான் போட்ட கணக்கு, உண்மைக் கட்டணம் வேறு.) ஒரு நாளைக்கு 1000 பேர் வருகிறார்கள், ஆளுக்கு 10 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 10,000 ரூபாய். 365 நாளைக்கு 36,50,000 ரூபாய். கொடுப்பவருக்கு ஒரு டீக்காசு. வாங்கும் காட்டுக்கு எத்தனை காவலர் சம்பளம்!

2006-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். எல்லாப் புலிகள் காப்பகத்துக்கும் இதுபோல் ஓர் அறக்கட்டளை வேண்டும் என்று அதில் வந்தது.

டிராவல்ஸ்காரர்கள் என்ன செய்யலாம்?

எங்க மாமா டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். அவரிடம் இதைச் சொன்னேன். "ஏற்கெனவே பார்க்கிங், பர்மிட், டீசல்னு போகுது. இதுல மரத்தைப் பார்க்கவும் காசா?" என்று சலித்துக்கொண்டார். நான் கேட்டேன், "மாமா, காடு இல்லாட்டி யாரு உங்க வேன்ல ஏறுவா?" மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அதுவும் சரிதான்" என்றார்.

கடைக்காரர் கடை வாடகை கொடுக்கிறார் அல்லவா? டிராவல்ஸுக்கும் லாட்ஜுக்கும் படகுக்கும் காடுதான் கடை. அதற்கு வாடகை கொடுக்க வேண்டாமா? அவர்கள் செய்யக்கூடியவை:

1. பயணக் கட்டணத்திலேயே காட்டுக்கான பங்கைச் சேர்த்து வாங்கி, ரசீதோடு கட்டலாம்.
2. வெளியூர் வழிகாட்டிக்குப் பதில் உள்ளூர்க் குழுவின் ஆட்களை வைக்கலாம்.
3. வண்டியில் ஏறும்போதே பிளாஸ்டிக் பையை வாங்கி வைத்துக்கொள்ளலாம். குப்பை அள்ளும் செலவு மிச்சமானால் அதுவும் காட்டுக்கு வருமானம்தான்.

கடல் தாண்டி ஓர் உதாரணம்

ஆப்பிரிக்காவில் ருவாண்டா என்ற சின்ன நாடு. அங்கே மலைக் கொரில்லாக்களைப் பார்க்க வெளிநாட்டவருக்கு ஓர் அனுமதிச் சீட்டின் விலை 2017-லிருந்து 1500 டாலர்! சுற்றுலா நிறுவனங்கள் அந்தச் சீட்டையும் சேர்த்துத்தான் பயணத்தை விற்கின்றன. பூங்காக்களின் சுற்றுலா வருமானத்தில் ஒரு பங்கு சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிறது. 2005-ல் 5 சதவீதம், 2017-ல் அதை 10 சதவீதம் ஆக்கினார்கள். பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதில் வருகிறது. கொரில்லா உயிரோடு இருந்தால்தான் ஊருக்கு வருமானம் என்று எல்லாருக்கும் தெரிகிறது.

ஆனால் ஜாக்கிரதை!

சுற்றுலா வந்தால் எல்லாம் நல்லது என்று நினைக்கக் கூடாது. காசுக்கு ஆசைப்பட்டு அளவுக்கு மேல் ஆளை விட்டால் காடு தாங்காது. மனிதருக்கும் ஆபத்து. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்துபோனார்கள். அதை மறக்கக் கூடாது.

இன்னொன்று, 2020-ல் கொரோனா வந்தபோது காடுகளை மூடினார்கள். பயணிகளும் இல்லை, டிக்கெட் காசும் இல்லை. ஆனால் காவல் காப்பதை நிறுத்த முடியுமா? அதனால் டிக்கெட் காசை மட்டும் நம்பக் கூடாது. அரசுப் பணமும் வேண்டும், நல்ல காலத்தில் சேமிப்பும் வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

2021-ல் நம்ம பக்கத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் இது ஐந்தாவது. மேகமலைக்கும் சுருளி அருவிக்கும் வண்டி வண்டியாக ஆட்கள் வருகிறார்கள். அடுத்த தடவை நீங்கள் போகும்போது டிக்கெட்டைக் கசக்கி எறியாதீர்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். "இந்தக் காசு காட்டுக்குத் திரும்புகிறதா? காட்டோரத்தில் இருப்பவர்களுக்குப் பங்கு உண்டா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது தப்பில்லை.

இதை எழுதி முடித்து அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். பட்டை உரித்தவர்கள் கதையை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பிறகு மெதுவாக, "எனக்கும் அந்த மலையில எல்லாத் தடமும் தெரியும். அப்ப யாராச்சும் கூப்பிட்டிருந்தா நானும் போயிருப்பேன்" என்றார். அரிவாளைப் பறித்தார்கள், வேறு வேலை தரவில்லை. அதுதான் அப்பத்தாவின் குறை. காட்டைக் காப்பாற்றுவதில் பாதி வேலை, அவர் போன்றவர்களைக் கூப்பிடுவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

யோசித்துப் பதில் எழுதுங்கள் (கீழே வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறேன்):
1. நம்ம ஊருக்கு வரும் தண்ணீருக்கு நாம் காட்டுக்கு என்ன திருப்பித் தருகிறோம்?
2. உங்கள் வீட்டில் காட்டை நம்பிப் பிழைத்தவர் யார்? அவருக்குத் தெரிந்த தடம், மரம், மூலிகை என்னென்ன?



— 9-ஆம் வகுப்பு மாணவி